வைக்காத கையெழுத்து

"இந்தக் கையெழுத்து என்ரை இல்லை எண்டு நீங்கள் என்ரை மனிசிக்குச் சொல்லவேணும், ஐயா. அது போதும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நீக்கிலாப்பிள்ளை கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். குருநகர்க் கடற்றொழிலாளி. ஐம்பது வயதிருக்கும். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால்களின் மேல் வைத்திருந்தார்.

தனியார் துப்பறிவாளர் பரமலிங்கம் மேசையிலிருந்த போட்டோப் பிரதியை எடுத்தார். பொலிசில் இருபது வருடம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, அந்த வேலையில் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் அவர். கடதாசியைச் சத்தமாக வாசித்தார்.

"'எனது மகள் ஸ்ரெல்லா, 16-02-1980 அன்று கொழும்புத்துறைக் கடற்கரையில் வான்காட்சி மன்றம் நடத்தும் சூரியகிரகண நிகழ்ச்சியில் எனது சொந்தப் பொறுப்பிலேயே பங்குபற்றுகிறாள். அவளுக்கு ஏதேனும் தீங்கு நேரிடின் மன்றமோ அதன் உறுப்பினரோ பொறுப்பாகார்.' திகதி பெப்ரவரி பதினாலு. கீழே ம. நீக்கிலாப்பிள்ளை. சாட்சி குணலட்சுமி."

"பொறுப்பில்லை எண்டு சொல்ல எவ்வளவு பொறுப்பா ரைப் அடிச்சிருக்கினம், பாருங்கோ சேர்," என்றாள் யசிந்தா.

பரமலிங்கத்தின் உதவியாளர் அவள்தான். காரியாலயத்தில் ரைப் அடிப்பது, கார் ஓட்டுவது, வாய் காட்டுவது மூன்றும் அவள் பொறுப்பு. நாற்பது வயது, விதவை. அவளும் குருநகர்தான். "அண்டைக்கு நானும் கிரகணம் பாக்கப் போனனான். கண்டது வெயிலை மட்டும்தான்..." என்று தொடங்கியவள் நீக்கிலாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"முதலிலையிருந்து சொல்லுங்கோ," என்றார் பரமலிங்கம்.

அவர் சொன்னார். ஸ்ரெல்லாவுக்கு வயது பதினேழு. சின்ன வயதில் சின்னமுத்து அம்மை வந்து இடதுகண் மங்கிப் போனது. வலது கண்ணாலேயே படித்து, உயர்தரச் சோதனைக்கு வந்துவிட்டாள். கிரகணத்தன்று மன்றத்தின் தொலைநோக்கியால் சூரியனைப் பார்த்தாள். அதில் பூட்டியிருந்த கருங்கண்ணாடி வெயிலின் சூட்டில் வெடித்தது. அவள் பார்த்தது வலது கண்ணால்.

"இப்ப நடுவிலை கறுப்பாக் கிடக்காம். ஓரத்தாலைதான் கொஞ்சம் தெரியுதாம். என்ரை முகத்தைப் பாக்கிறதெண்டா, பிள்ளை மற்றப் பக்கம் திரும்பிப் பாக்கிறாள் ஐயா."



"போகட்டோ எண்டு உங்களிட்டை எப்ப கேட்டவள்?"

"சனிக்கிழமை மத்தியானம். கரையிலைதானே, நடந்து போற தூரம்தானே எண்டு போகச் சொன்னனான். வாயாலை சொன்னனான். கடதாசி ஒண்டிலையும் கையெழுத்து வைக்கேல்லை. பங்குனி பிறந்து முதல் ஞாயிறு, கோயில் மண்டபத்திலை சனத்துக்கு முன்னாலை மன்றத் தலைவர் இந்தக் கடதாசியைக் காட்டினார். என்ரை மனிசி கத்தரீனா வாங்கிப் பாத்தவ. என்ரை கையெழுத்து அவவுக்குத் தெரியும்." அவர் போட்டோப் பிரதியைச் சுட்டிக்காட்டினார். "அண்டையிலையிருந்து இருபத்தைஞ்சு நாள். சோறு போடுறா. கோப்பையை வைச்சுப்போட்டுப் போறா. கதைக்கிறா இல்லை. ஒரேயொருக்கா மட்டும் சொன்னவ. 'பிள்ளையின்ரை கண்ணை எழுதிக் குடுத்திட்டு வந்து பொய்யும் சொல்லுறியள்' எண்டு."

பரமலிங்கம் அவருடைய கடற்றொழிலாளர் சங்க அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் அவர் கையெழுத்து இருந்தது.

"யசிந்தா, காரை எடும்."

மன்றத் தலைவர் முத்துக்குமாருவின் வீடு கொழும்புத்துறையில் இருந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர். மன்றம் கூடுவதும் அந்த வீட்டுக் கூடத்தில்தான்; தொலைநோக்கி அங்கே துணியால் மூடப்பட்டு நின்றது. அவர் மறுக்காமல் அலுமாரியைத் திறந்து மூலக் கடதாசியை எடுத்துத் தந்தார். தரும்போதே சொன்னார்: "பாருங்கோ. பாத்திட்டுத் திருப்பித் தாங்கோ. மன்றத்துக்கு இருக்கிற ஒரே ஆதாரம் உதுதான்."

பரமலிங்கம் அதை யன்னலருகே கொண்டுபோனார். சங்க அட்டையைப் பக்கத்தில் வைத்தார். அதே சாய்ந்த 'நீ'. அதே முடியாமல் முடிகிற 'ளை'. பிறகு கடதாசியைச் சரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கையெழுத்து விழுந்த இடத்தில் மட்டும், பேனை அழுத்திய தடத்தில், சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இதை எங்கை வைச்சு எழுதினவர்?"

"எங்கடை மன்றத்திலைதான். மேசையிலை வைச்சுத்தான் எல்லாரும் எழுதினவை."

"இந்த மேசையோ?"

"ஓம்."

யசிந்தா மேசையைக் கையால் தடவினாள். தேக்குப் பலகை, கண்ணாடி போல வழவழத்தது.  

"ரெலிஸ்கோப்பாலை சூரியனை நேரை பாக்க விடலாமோ?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"விடக்கூடாது. விதியே அதுதான். சூரியன்ரை விம்பத்தை வெள்ளைக் கடதாசியிலை விழுத்தித்தான் சனத்துக்குக் காட்டவேணும். நான்தான் அந்த விதியை எழுதினனான்."

"அப்ப கருங்கண்ணாடி ஏன் பூட்டினது?"

முத்துக்குமாரு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகில் வந்திட்டுது. கடதாசியிலை வடிவாத் தெரியேல்லை. சனம் அந்தரப்பட்டுது."

"ஆர் பூட்டினது?"

"மன்றம் பூட்டினது."

"மன்றத்துக்கு எத்தினை கை, ஐயா?" என்றாள் யசிந்தா.

அவர் கடதாசியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

மொறிஸ் மைனர் கடற்கரை வீதியால் திரும்பியது. கடல்நீரேரி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

"கையெழுத்து நீக்கிலாப்பிள்ளையின்ரைதான்," என்றார் பரமலிங்கம்.

யசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லை சேர்."

"இரண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தனான். வேறை ஆரோ பாத்துக் கீறின கையெழுத்தில்லை. அவரின்ரை கைதான் எழுதினது."

"நீக்கிலா அண்ணை பொய் சொல்லமாட்டார். எனக்கு அவரைப் பிறந்ததிலையிருந்து தெரியும். மீன் பழசெண்டா, பழசெண்டு சொல்லித்தான் விப்பார். அதாலைதான் அவரிட்டை இன்னும் ஒட்டுப்போட்ட வள்ளம்."

"நான் பொய்யெண்டு சொல்லேல்லை. வைச்சது அவர். எப்ப, எங்கை வைச்சவர் எண்டதுதான் கேள்வி. அந்தச் சதுரங்களைப் பாத்தனீரோ? மேசையிலை வைச்சு எழுதினா அது வராது. கட்டம் கட்டமா இருக்கிற ஏதோ ஒண்டுக்கு மேலை கடதாசியை வைச்சிருக்கினம்."

யசிந்தா ஒரு நிமிடம் யோசித்தாள். "பாயெண்டா நீளமா வரும். இது குறுக்கும் நெடுக்குமா இழைச்சது. சேர், அது பனையோலைப் பெட்டி. மூடல்பெட்டியின்ரை மூடி. சோறு கட்டிக்கொண்டு போவமே, அது."

"சோற்றுப் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு ஆர் மன்றக் கூட்டத்துக்குப் போவினம்?"

"சாப்பாட்டுப் பெட்டியோடை ஆக்கள் காத்திருக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சு ஒண்டுதான். ஆஸ்பத்திரி."

கார் சற்று மெதுவானது. பரமலிங்கம் தலையாட்டினார். "ஆனா கடதாசியிலை திகதி பதினாலு. விபத்து பதினாறு. பதினாலாம் திகதி அவர் ஆஸ்பத்திரியிலை நிக்கேல்லை. திகதி பொய்யெண்டு காட்ட இன்னொண்டு வேணும்."

"அந்தச் சனிக்கிழமையே சபிச்ச சனிக்கிழமை சேர். கொழும்புத்துறைக்கு மாத்தினது எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் அங்கை நிண்டிருப்பன். அந்தப் பிள்ளையை ஒரு இழுவை இழுத்திருப்பன். நான் புதுச் செருப்பும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப்போய் பண்டத்தரிப்பிலை பூட்டின படலையைப் பாத்துக்கொண்டு..."

"நிப்பாட்டும்!"

கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த சைக்கிள்காரன் ஏசிவிட்டுப் போனான்.

"பண்டத்தரிப்பிலையோ?"

"ஓம். பேப்பரிலை அப்பிடித்தானே போட்டிருந்தது. பண்டத்தரிப்புப் பள்ளிக்கூட மைதானம். மைதானம் தாறன் எண்ட மனிசன்ரை வீட்டிலை வெள்ளி இரவு செத்தவீடு. சனி காலமைதான் கரைக்கு மாத்தினவையாம். படலையடியிலை நிண்ட மனிசி சொன்னவ." யசிந்தா சொல்லிக்கொண்டே வந்து, பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "சேர்..."

"வியாழக்கிழமை அடிச்ச கடதாசிக்கு, சனிக்கிழமை மாறப்போற இடம் எப்பிடித் தெரியும்?" என்றார் பரமலிங்கம் மெதுவாக. "ஸ்ரெல்லாவும் சனி மத்தியானம்தானே கேட்டவள். பண்டத்தரிப்பெண்டா அவள் போயிருக்கமாட்டாள். நடந்து போற தூரத்துக்கு வந்தபடியாலை போனவள். அவளுக்கெண்டு ஒரு கடதாசி முதலிலை இருந்ததே இல்லை. கண் போனதுக்குப் பிறகுதான் அது பிறந்திருக்கு."

வழமையாக இப்படி ஒரு முடிச்சு அவிழ்ந்தால் யசிந்தா ஸ்ரியரிங்கில் தாளம் போடுவாள். அன்று போடவில்லை. நடந்து போகிற தூரம்தானே என்று மகளைப் போகச் சொன்ன தகப்பனை நினைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.

நீக்கிலாப்பிள்ளை கரையில் வள்ளத்தின் நிழலில் தனியே இருந்தார். பரமலிங்கம் அவருக்குப் பக்கத்தில் மணலில் குந்தினார்.

"ஆஸ்பத்திரியிலை ஏதும் கடதாசியிலை கையெழுத்து வைச்சனீங்களோ?"

"ஓம். செவ்வாய்க்கிழமை. ஒப்பரேசனுக்கு."

"டொக்டர் ஒப்பரேசன் செய்தவரோ?"

"இல்லை ஐயா. அதிலை வெட்டிறதுக்கு ஒண்டுமில்லையாம். கண்ணுக்குப் பின்னாலை எரிஞ்சு போச்சாம்."

"ஒப்பரேசன் செய்யிறதாக டொக்டர் எப்பவாவது சொன்னவரோ?"

நீக்கிலாப்பிள்ளை யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"விறாந்தையிலை நிண்டனான். அழுதுகொண்டு நிண்டனான். கத்தரீனா தந்துவிட்ட சோற்றுப்பெட்டி கையிலை. எனக்குப் பேர் எழுதத் தெரியும், ஐயா. மற்றது எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன். அண்டைக்குக் கண்ணீரிலை எழுத்தே தெரியேல்லை. 'ஒப்பரேசனுக்குத் தேவைப்படும், இதிலை ஒருக்கா வையுங்கோ' எண்டு பேனையும் தந்து..." அவர் நிறுத்தினார்.

"ஆர் தந்தது?"

"இல்லை. அவ அப்பிடிச் செய்யமாட்டா."

"ஆர் அண்ணை?" என்றாள் யசிந்தா.

"குணலட்சுமி ரீச்சர். பிள்ளைக்குப் படிப்பிக்கிற ரீச்சர். மன்றத்துக் காரியங்களையும் அவதான் பாக்கிறவ. அண்டையிலையிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நாலு மணிக்கு வீட்டை வாறா. பிள்ளைக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறா. ஏப்பிரலிலை சோதனை. ரீச்சர் வாசிக்க வாசிக்கக் கேட்டுப் பாடமாக்கிறாள்." அவர் பரமலிங்கத்தின் கையைப் பிடித்தார். "ஐயா, இது வேண்டாம். விடுங்கோ. கையெழுத்து என்ரையெண்டே இருக்கட்டும். ரீச்சர் வராட்டி என்ரை பிள்ளை என்ன செய்யும்?"

காலையில் தன் பெயரைக் காப்பாற்றித் தரச் சொல்லி வந்த மனிதர். இப்போது அதையே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். 

யசிந்தா அவருக்கு முன்னால் வந்து குந்தினாள். "உங்களுக்காக வேண்டாமெண்டா விடலாம், அண்ணை. கத்தரீனா அக்கா இனிச் சாகுமட்டும் உங்களைப் பிள்ளையின்ரை கண்ணை வித்த மனிசன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கவேணுமோ? அவவுக்கும் அது நரகம்தானே."

அவர் கையை எடுத்துவிட்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் குணலட்சுமி ஒழுங்கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயது. கூடையில் இரசாயனவியல் புத்தகம். படலைக்கு வெளியே இருவரையும் கண்டதும் நின்றாள்.

பரமலிங்கம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "பதினாலாம் திகதிக் கடதாசியிலை கொழும்புத்துறை எண்டு ஏன் அடிச்சனீங்கள்?"

அவள் சைக்கிளை வேலியில் சாத்தினாள். அது சரிந்து விழுந்தது. புத்தகத்தை மட்டும் எடுத்தாள்; சைக்கிளைத் தூக்கவில்லை.

"மற்றப் பிள்ளையளின்ரை படிவம் மிச்சம் கிடந்தது," என்றாள். "அதிலை பண்டத்தரிப்பு எண்டு அச்சடிச்சிருந்தது. பிழையான இடம் இருக்கக்கூடாதெண்டு நான் புதிசா ரைப் அடிச்சன். சரியா இருக்கவேணுமெண்டுதான் யோசிச்சன்."

"அடிக்கச் சொன்னது ஆர்?"

"ஒருதரும் அடியெண்டு சொல்லேல்லை. திங்கக்கிழமை தலைவர் கேட்டார், ஸ்ரெல்லாவின்ரை கடதாசி எங்கையெண்டு. அவள் கடைசி நேரம் வந்தவள், வாங்கேல்லை எண்டன். 'கடதாசி இல்லாட்டி மன்றமும் இல்லை, உம்மடை ரீச்சர் வேலையும் இல்லை. வடிவாத் தேடிப்பாரும்' எண்டார். செவ்வாய் பின்னேரம் கொண்டுபோய்க் குடுத்தன். எங்கையிருந்து வந்ததெண்டு அவர் கேக்கேல்லை."

"கருங்கண்ணாடி?"

"நான்தான் பூட்டினனான்." அவள் நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "சனம் ஒண்டும் தெரியேல்லை எண்டு ஏசிச்சுது. ஆளுக்கு ஒரு கொஞ்ச நேரம்தானே எண்டு நினைச்சன். ஸ்ரெல்லா எனக்கு உதவியா நிண்டு எல்லாரையும் பாக்க விட்டிட்டுக் கடைசியாத்தான் பாத்தவள். 'ரீச்சர், எவ்வளவு வடிவு' எண்டவள். அப்ப முகில் விலகி வெயில் எறிச்சுது. ரிக் எண்டு ஒரு சத்தம். நான் இழுக்கிறதுக்கிடையிலை..."

 உள்ளேயிருந்து சுளகில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது.

"நான் எழுதித் தாறன். கையெழுத்தும் வைச்சுத் தாறன்," என்றாள் குணலட்சுமி. "நீங்கள் அவையளிட்டைக் குடுங்கோ. சோதனை முடியுமட்டும் மட்டும் பொறுங்கோ. இன்னும் கொஞ்ச நாள்தான். அவள் பாஸ் பண்ணிடுவாள்."

பரமலிங்கம் யசிந்தாவைப் பார்த்தார்.

"ரீச்சர்," என்றாள் யசிந்தா. அவள் குரலில் பகிடி எதுவும் மிச்சமிருக்கவில்லை. "நீங்கள் இந்த வீட்டிலை இருந்து வாசிச்ச ஒவ்வொரு பின்னேரமும், அந்த மனிசன் குசினிக்கு வெளியிலை தனிய இருந்து சாப்பிட்டவர். நீங்களும் கண்டனீங்கள்."

குணலட்சுமி கண்களைத் துடைத்தாள். படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பரமலிங்கமும் யசிந்தாவும் பின்னால் போனார்கள்.

கத்தரீனா முற்றத்தில் சுளகோடு இருந்தாள். ஸ்ரெல்லா வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் விழுந்த சத்தத்தைக் கேட்டதுமே தலையைச் சீவிச் சரிசெய்துகொண்டு பாடத்துக்கு ஆயத்தமாக இருந்தாள். நீக்கிலாப்பிள்ளை கிணற்றடியிலிருந்து வந்து தூர நின்றார்.

குணலட்சுமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, கடதாசி, ஆஸ்பத்திரி விறாந்தை. ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடிய நீண்ட நேரம் எடுத்தது போலிருந்தது. உண்மையில் இரண்டு நிமிடம்தான்.

கத்தரீனா சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பெட்டி என்ரை பெட்டி," என்றாள். "அண்டைக்கு விடிய எழும்பிச் சமைச்சு, அந்தாள் பட்டினி கிடக்குமெண்டு நான் கட்டிக் குடுத்த சோறு. அதுக்கு மேலை வைச்சோ எழுதுவிச்சனீங்கள்?"

"அக்கா..."

"நீர் இந்த வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனீர். நான் ஊத்தித் தந்தனான். அந்தாளுக்குத் தராமல் உமக்கு முதல் தந்தனான்." மரியாதை கழன்று விழுந்ததை அவளே கவனிக்கவில்லை. "போம். இனி வரவேண்டாம்."

குணலட்சுமி புத்தகத்தைக் கதிரையருகே நிலத்தில் வைத்தாள். ஸ்ரெல்லாவின் தோளைத் தொடக் கை நீட்டினாள். தொடவில்லை. படலையால் வெளியே போனாள். அவள் சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கத்தரீனா எழுந்து கிணற்றடிப் பக்கம் நடந்தாள். புருசனுக்கு முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்றோ, அழுவாள் என்றோ யசிந்தா நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"சாப்பிட்டியளோ?" என்றாள் கத்தரீனா.

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு கேட்ட ஒற்றைச் சொல் அது. நீக்கிலாப்பிள்ளை கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்று அவர் தலையில் கையை வைத்தாள்.

பரமலிங்கம் யசிந்தாவுக்குச் சைகை காட்டினார். முத்துக்குமாருவுக்கு அன்றைக்கே எழுதுவதென்றும், அடுத்த ஞாயிறு அதே கோயில் மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால் அவரே எழுந்து நின்று உண்மையைச் சொல்ல வைப்பதென்றும் மனதுக்குள் முடிவெடுத்திருந்தார். வழக்கு முடிந்துவிட்டது. கேட்டு வந்தவருக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. இருவரும் படலையை நோக்கி நடந்தார்கள்.

"அம்மா," என்றாள் ஸ்ரெல்லா.

 தாய் நின்ற பக்கத்தைப் பார்ப்பதற்காக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"நீங்கள் அவவை வரவேண்டாமெண்டு சொன்னது சரிதான். அப்பாவுக்குச் செய்தது பிழைதான். எனக்கு விளங்குது. ஆனா நாளைக்கு நாலு மணிக்கு நான் என்ன செய்யிறது?"

கத்தரீனா கிணற்றடியிலிருந்து மெல்ல நடந்து வந்தாள். மகளின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். அதில் எந்தப் பக்கத்தைத் திறப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.